பள்ளி வாசலுக்கு அப்பால்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம். பாரிஸ் நகரில், காது கேளாதோர் பள்ளியைச் சார்ந்த ஓர் இல்லத்தில், கெரேன் அம்மையார் என்னும் எளிய பெண்மணியின் பராமரிப்பில் விக்டர் என்ற சிறுவன் வளர்ந்து வந்தான். தென் பிரான்சின் அவெரோன் பகுதிக் காடுகளில் தன்னந்தனியே திரிந்து, 1800ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஊருக்குள் வந்தபோது பிடிபட்டவன் அவன். பேச்சு அவனுக்கு வரவில்லை. ஆயினும் உணவு வேளையில் மேசைமீது தட்டுகளை எடுத்து வைப்பது அவனுடைய அன்றாடக் கடமையாயிற்று. அம்மையாரின் கணவர் நோயுற்று வேறிடத்தில் இருந்த நாள்களிலும் அவருக்குரிய தட்டை அவன் தவறாமல் வைத்தான். ஒரு நாள் அவர் இறந்துபோனார். அன்றும் வழக்கம்போல் தட்டு வைக்கப்பட்டது. அதைக் கண்ட கைம்பெண் துயரம் தாங்காமல் அழுதார். அவ்வழுகைக்குத் தானே காரணம் என்று உணர்ந்த விக்டர், தட்டை எடுத்துச் சென்று அலமாரியில் வைத்தான். அதன்பின் அந்த இடத்தில் அவன் ஒருபோதும் தட்டு வைக்கவில்லை.

இதனை எழுதி வைத்தவர் அவனுடைய ஆசிரியரான மருத்துவர் இத்தார். அன்றைய பெரிய மருத்துவரான பீனெல், அச்சிறுவன் பிறவியிலேயே அறிவு குன்றியவன் என்று தீர்ப்பளித்திருந்தார். காட்டின் தனிமையே காரணம், கற்பித்தால் தேறுவான் என்று நம்பிய இத்தார், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உழைத்தார். பேச்சு வரவில்லை என்ற மனக்குறையோடு 1806இல் தம் இரண்டாம் அறிக்கையை எழுதினார். அந்த அறிக்கையிலேயே, விறகு அறுப்பதில் விக்டர் கொண்ட பெருமகிழ்ச்சியையும் குறித்திருக்கிறார். விறகு அறுத்தவன், மேசையை ஒழுங்குசெய்தவன், ஒரு வீட்டின் துயரத்தைத் தன் கைவேலையினாலேயே பகிர்ந்துகொண்டவன் 1828இல் இறந்தான். அவன் செய்தது உழைப்பு என்று எவருக்கும் தோன்றவில்லை. பேச்சு வந்த பின்னரே வாழ்வு தொடங்கும் என்று அனைவரும் காத்திருந்தனர்.

அறிவுசார் குறைபாடு உடைய பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின் ஒரு வேலைக்கு ஆயத்தம் செய்வது எப்படி என்று இன்று சிறப்புப் பள்ளிகளிலும் குடும்பங்களிலும் கேட்கிறோம். இக்கேள்விக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாறு கற்றுத் தரும் பாடம் ஆறுதலும் தருகிறது, அச்சமும் தருகிறது.

கற்பித்து அனுப்பும் கனவு

இத்தாரின் வழிகாட்டுதலில் 1837இல் ஒரு சிறுவனுக்குக் கற்பிக்கத் தொடங்கியவர் எதுவார் செகேன். அறிவு குன்றியோர்க்குக் கல்வி இயலாது என்ற பழங்கொள்கையை அவர் ஏற்கவில்லை. கையையும் கண்ணையும் காலையும் பயிற்றுவித்தால் அறிவு விழித்தெழும் என்பது அவருடைய முறை. மண்வெட்டியும் தள்ளுவண்டியும் சுத்தியலும் அவருக்குப் பாடக் கருவிகள் ஆயின. 1846இல் அவர் எழுதிய நூலையும் இத்தாரின் அறிக்கைகளையும் மரியா மாந்தசோரி பின்னாளில் இத்தாலிய மொழியில் தம் கைப்படப் பெயர்த்தெழுதிப் படித்தார். நம் மழலையர் பள்ளிகளில் காணும் பல கல்விக் கருவிகள், அறிவு குன்றியவர் என ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடமிருந்து பிறந்தவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சாமுவேல் கிரிட்லி ஹோ என்னும் மருத்துவர் இதே கனவைக் கண்டார். அவருடைய அறிக்கையை ஏற்று, ஆண்டுக்கு 2,500 டாலர் வீதம் மூன்றாண்டுகளுக்கு அரசு நிதி வழங்கியது. 1848 அக்டோபரில் பத்துப் பிள்ளைகளோடு பாஸ்டன் நகரில் சோதனை முறையில் பள்ளி தொடங்கிற்று. அது பள்ளியே அன்றிப் புகலிடமன்று என்பதில் ஹோ உறுதியாயிருந்தார். பிள்ளைகள் வருவர், கற்பர், வீடு திரும்புவர், இயன்ற வேலையைச் செய்து ஊரோடு வாழ்வர் என்பதே நோக்கம்.

1866இல் பட்டேவியா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அடிக்கல் நாட்டும் விழாவில் பேச அவரை அழைத்திருந்தனர். அன்று அவர் வாழ்த்துரையோடு ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். ஒரே வகைக் குறையுடையோரைக் கூட்டமாக ஓரிடத்தில் அடைப்பது நல்லதன்று. இத்தகைய நிறுவனங்கள் சிலவாகவும் சிறியனவாகவும் இருக்கவேண்டும். இயன்ற மட்டும் அவர்கள் மற்றவரோடு கலந்து வாழவேண்டும் என்றார். நிறுவனங்களை எழுப்பியவரே நிறுவனங்களைக் குறித்து அஞ்சினார்.

வெளியே விடாத வாசல்

அவ்வச்சம் மெய்யாயிற்று. பள்ளியில் சேர்ந்தோர் கற்றனர்; ஆனால் வெளியே அவர்களை ஏற்பார் இல்லை. வறிய குடும்பங்கள் திரும்பப் பெறத் தயங்கின. நிறுவனமோ வளர்ந்துகொண்டே சென்றது. அப்போது ஒரு விந்தையான கணக்கு உருவாயிற்று. துணி வெளுக்கவும் சமைக்கவும் தோட்டம் பேணவும் தம்மைவிட நலிந்த பிள்ளைகளைப் பராமரிக்கவும் ஆள் வேண்டும். நன்கு கற்றுத் தேர்ந்த மாணவரே அதற்கு ஏற்றவர். எனவே எவர் வெளியே சென்று வாழத் தகுதி பெற்றாரோ, அவரையே நிறுவனத்தால் இழக்க இயலாமற் போயிற்று. தேர்ச்சியே சிறையாயிற்று.

ஹோ தொடங்கிய அதே பள்ளி பின்னர் வால்தம் என்னுமிடத்தில் பெரியதொரு நிறுவனமாயிற்று. 1899இல் டெம்பிள்டன் என்னுமிடத்தில் அதற்கென நிலம் வாங்கி, இளைஞர்களைக் குடியமர்த்தி வேளாண்மை செய்வித்தனர். திறந்த வெளியும் நல்ல உழைப்பும் அவர்களுக்கு நன்மையே. ஆனால் விளைச்சல் நிறுவனத்துக்குரியது. உழைத்தவர்க்குக் கூலியில்லை, விடுதலையும் இல்லை.

அந்நிறுவனத்தின் தலைவர் வால்டர் பெர்னால்டு, அறிவு குன்றியோர் சமூகத்துக்குப் பெருஞ்சுமை, பேரிடர் என்று 1912இல் முழங்கியவர். அவரே பின்னர், தம் நிறுவனத்திலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளில் வெளியேறியவர்கள் என்ன ஆயினர் என்று தேடிப் பார்த்தார். 1919இல் வெளியான முடிவு அவரையே வியக்க வைத்தது. எதிர்பார்த்ததற்கு மாறாக, அவர்களுள் பலர் எவருக்கும் தீங்கின்றி, சிறு சிறு வேலைகள் செய்து, அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்தனர். தாம் சொன்னதைத் தாமே சோதித்துப் பார்த்து, தவறென்று கண்டதை வெளியிட்ட அந்த நேர்மை போற்றத்தக்கது. ஆனால் அச்சத்தை விதைப்பது எளிது. விதைத்ததைப் பிடுங்குவது எளிதன்று. அந்நிறுவனம் இறுதியாக மூடப்பட்டது 2014இல்தான்.

உழைப்பை வைத்து உயிரை அளந்த நாள்கள்

வேலை மறுக்கப்படுவது ஒரு கொடுமை. வேலை ஒன்றையே வைத்து மனிதனை மதிப்பிடுவது அதனினும் பெரிய கொடுமை. இதை உலகம் 1939இல் ஜெர்மனியில் கண்டது.

அவ்வாண்டு அக்டோபரில் மனநல இல்லங்களுக்கும் குறைபாடு உடையோர் காப்பகங்களுக்கும் அரசு ஒரு படிவத்தை அனுப்பியது. ஒவ்வொருவரின் நோய், காப்பகத்தில் இருந்த காலம் ஆகியவற்றோடு, அவர் என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வியும் அதில் இருந்தது. நோக்கம் சொல்லப்படவில்லை. போர்ப் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள் போலும் என்று எண்ணிய சில காப்பகத் தலைவர்கள், தம் நல்ல உழைப்பாளிகளை இழக்க விரும்பாமல், அவர்களுடைய திறமையைக் குறைத்து எழுதினர். அவ்வாறு குறைத்து எழுதியதே அம்மக்களுக்கு மரண ஓலையாயிற்று. நேரில் பார்க்காமலே மருத்துவர் மூவர் படிவத்தைக் கொண்டு தீர்ப்பிட்டனர். 1941 ஆகஸ்டுக்குள் நச்சு வாயு அறைகளில் கொல்லப்பட்டோர் 70,000க்கும் மேல்.

1941 ஆகஸ்டு 3ஆம் நாள், மூன்ஸ்டர் நகரின் புனித இலம்பேர்ட் ஆலய மேடையிலிருந்து ஆயர் கிளமென்ஸ் அவுகுஸ்ட் வான் காலன் இக்கொலையை வெளிப்படையாகக் கண்டித்தார். பயன் தருபவனுக்கு மட்டுமே வாழும் உரிமை என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், நாளை முதியவர், நோயாளி, போரில் உறுப்பிழந்து திரும்பும் வீரர் எவருக்கும் பாதுகாப்பு இல்லை என்று அவர் உணர்த்தினார். அம்மறையுரையின் படிகள் நாடெங்கும் மறைவாகப் பரவின. அம்மாத இறுதியிலேயே நச்சு அறைத் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆனால் காப்பகங்களில் பட்டினியாலும் மருந்தாலும் கொல்வது போர் முடியும்வரை தொடர்ந்தது.

எனவே, நம் பிள்ளைகளை வேலைக்கு ஆயத்தம் செய்வோம் என்று நாம் பேசும்போது, சொற்களை அஞ்சியே கையாளவேண்டும். அவர்களாலும் உழைக்க முடியும், ஆகவே மதியுங்கள் என்று நல்லெண்ணத்தோடு வாதாடுகிறோம். அப்படியானால் உழைக்கவே இயலாதவனை மதிக்க வேண்டியதில்லையா? மதிப்பு முந்தியது, வேலை அதன்பின் வருவது. மதிப்புக்குரியவன் என்பதனாலேயே அவனுக்கு வேலையும் உரியதாகிறது.

மிதிவண்டி கற்பித்த பாடம்

போருக்குப் பின் இங்கிலாந்தில் எப்சம் நகர மேனர் மருத்துவமனையில் ஆலன் கிளார்க்கும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு சோதனை செய்தனர். கற்பிக்க இயலாதவர் என முடிவுகட்டப்பட்டிருந்த ஆறு பேருக்கு, அட்டைப் பெட்டி மடிப்பது, பல நிற மின்கம்பிகளை அதனதன் இடத்தில் பற்றவைப்பது, மிதிவண்டிக் காற்றடிக்கும் பம்பைப் பூட்டுவது ஆகியவற்றைக் கற்பித்தனர். தொடக்கத்தில் அவர்கள் தடுமாறினர். நாளடைவில் வியக்கத்தக்க திறமை எய்தினர். கிளார்க்கும் ஹெர்மெலினும் 1955இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இதனை வெளியிட்டனர். ஒருவர் தொடங்கும்போது காட்டும் திறமையைக் கொண்டு, அவர் எட்டக்கூடிய உயரத்தை அளக்க இயலாது என்பதே அதன் சாரம். முதல் நாள் தேர்விலேயே தகுதியில்லை என்று திருப்பி அனுப்பும் நம் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் கோல்டு, 1970களில் மிதிவண்டி பிரேக் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதில் பதினைந்து உறுப்புகள். அவற்றை வரிசையாகத் தட்டுகளில் அடுக்கி, ஒவ்வோர் உறுப்பிலும் மேல்நோக்கி இருக்கவேண்டிய பக்கத்துக்குச் சிவப்பு வண்ணம் பூசினார். மிகுதியாகப் பேசாமல் கையால் காட்டியே கற்பித்தார். காப்புப் பட்டறைகளில் எளிய வேலைக்கே தகுதி என ஒதுக்கப்பட்டிருந்த இளைஞர்கள் அதைப் பூட்டக் கற்றுக்கொண்டனர். மாணவன் கற்கவில்லையெனில் கற்பிக்கும் வழியை மாற்று என்பதே அவருடைய முழுக் கொள்கையும். இதில் ஒரு மனமாற்றம் அடங்கியிருக்கிறது. அதுவரை தேர்வு எழுதிக்கொண்டிருந்தவன் மாணவன். இப்போது ஆசிரியர் தேர்வு எழுதவேண்டியவராகிறார்.

ஒரு பழைய பள்ளிக் கட்டடம்

ஆயினும் திறமை கற்பித்தால் மட்டும் போதுமா? அயோவா மாநிலத்தின் அட்டலிசா என்னும் சிற்றூர் இதற்கு விடை கூறுகிறது. டெக்சாஸ் மாநில அரசின் காப்பகப் பள்ளிகளிலிருந்து அறிவுசார் குறைபாடு உடைய இளைஞர்களை அழைத்து, வேலைப் பயிற்சி அளித்தது ஹென்றீஸ் டர்க்கி சர்வீஸ் என்ற நிறுவனம். 1970களிலிருந்து அவர்களை அட்டலிசாவில், கைவிடப்பட்ட பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் தங்கவைத்து, அருகிலிருந்த வான்கோழி இறைச்சி ஆலைக்கு வேலைக்கு அனுப்பியது. அவர்கள் வேலையில் வல்லவர்கள். ஊர்க் கோவிலுக்குச் சென்றனர். ஊர் விழாக்களில் கலந்துகொண்டனர். ஊர்மக்கள் அவர்கள்மீது அன்பு காட்டினர். ஆனால் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் அவர்கள் கையில் வந்தது மாதம் 65 டாலர் மட்டுமே. எஞ்சியதைத் தங்குமிடம், உணவு, பராமரிப்பு என்று நிறுவனம் கழித்துக்கொண்டது. வசையும் அடியும் இருந்தன. 2009இல் அதிகாரிகள் அவர்களை மீட்டபோது கட்டடம் மனிதர் வாழத் தகுதியற்றிருந்தது. இளைஞராய் வந்தவர்கள் முதுமையை நெருங்கிவிட்டனர்.

2013இல் நடுவர் குழு 32 பேருக்கும் சேர்த்து 24 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. சட்டம் விதித்த உச்ச வரம்பினால் அது ஆளுக்கு 50,000 டாலர் வீதம் 16 லட்சம் டாலராகக் குறைந்தது.

இங்கே குறைந்தது என்ன? பயிற்சி இருந்தது, வேலை இருந்தது, ஊரின் அன்பும் இருந்தது. கூலியைக் கணக்கிட்டுக் கேட்கவும், இது தவறு என்று சொல்லவும், வேண்டாம் என்று வெளியேறவும் அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அவர்கள் சொல்லியிருந்தாலும் கேட்பார் இல்லை. கீழ்ப்படிதலை மட்டும் கற்பிக்கும் பள்ளி, தன் மாணவரைச் சுரண்டுவோரிடம் ஒப்படைக்கும் பள்ளியாகிவிடும்.

ஆயத்தம் ஆகவேண்டியவர் யார்?

நெடுங்காலம் உலகம் பின்பற்றிய வழி, முதலில் பயிற்சி, பின்னர் வேலை என்பது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. நடைமுறையிலோ, பயிற்சி முடிவதே இல்லை. இன்னும் ஆயத்தம் ஆகவில்லை, இன்னும் ஓராண்டு, இன்னும் ஒரு பயிற்சி என்று பட்டறைகளிலேயே பலருடைய ஆயுள் கழிந்தது. 1980களில் வெர்ஜீனியாவிலும் ஒரிகனிலும் சில கல்வியாளர்கள் வரிசையை மாற்றினர். முதலில் உண்மையான வேலையிடம், அங்கேயே பயிற்சி, உடனிருந்து கற்பிக்க ஒரு பயிற்றுநர், பணியாளர் தேறத் தேற அவர் மெல்ல விலகிக்கொள்வார், தேவைப்படும்போது திரும்ப வருவார். 1990இல் அமெரிக்கக் கல்விச் சட்டம், மாணவருக்குப் பதினாறு வயது ஆகும்போதே பள்ளிக்குப் பிந்தைய வாழ்வுக்கான திட்டத்தை எழுதவேண்டும் என விதித்தது.

1996இல் சின்சினாட்டி நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் எரின் ரீல் என்னும் செவிலியர் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவராயிருந்தார். மருத்துவப் பொருள்களை அலமாரிகளில் ஒழுங்காக நிரப்பும் பணிக்கு வருவோர் நிலைத்திருப்பதில்லை. தம் மருத்துவமனையில் குறைபாடு உடைய எத்தனையோ பேர் சிகிச்சை பெறுகிறார்களே, அவர்களுள் ஒருவரேனும் ஏன் இங்கே பணியாற்றக் கூடாது என்று அவர் எண்ணினார். உள்ளூர்த் தொழிற்கல்வி நிறுவனத்தோடு கைகோத்தார். பள்ளியின் கடைசி ஆண்டை மாணவர்கள் மருத்துவமனையிலேயே கழித்தனர். ஓராண்டில் மூன்று பிரிவுகளில் மாறி மாறிப் பணி கற்றனர். இன்று ‘புராஜெக்ட் சர்ச்’ என்ற பெயரில் அம்முறை பல நாடுகளில் நடைபெறுகிறது. அச்செவிலியர் இரக்கப்பட்டு ஒரு வேலையை உருவாக்கவில்லை. உண்மையிலேயே ஆள் தேவைப்பட்ட ஒரு பணிக்கு, உரிய ஆளைக் கண்டுகொண்டார்.

திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1981இல் வெளியிட்ட ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ என்னும் சுற்றுமடலின் 22ஆம் பகுதி முழுவதும் குறைபாடு உடையோரின் உழைப்பைப் பற்றியதே. அவர்கள் முழு மனித மாண்பு உடையவர்கள். முழுத் திறன் படைத்தோரை மட்டும் உழைப்புக்கு ஏற்பது, வலியோர் எளியோரை ஒதுக்கும் புதியதோர் பாகுபாடு என்று அவர் கற்பிக்கிறார். நம் நாட்டின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் மூன்று விழுக்காடு ஒதுக்கியபோது, பார்வை, செவி, உடலியக்கக் குறைபாடு உடையோர்க்கே அதில் இடம் இருந்தது. அறிவுசார் குறைபாடு உடையோர் வேலை செய்வார்கள் என்பதைச் சட்டமே எண்ணிப் பார்க்கவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டை நான்கு விழுக்காடாக உயர்த்தி, அவர்களும் உள்ளடங்கிய பிரிவுக்கு ஒரு விழுக்காடு வழங்கியது. வாசல் சற்றே திறந்திருக்கிறது. உள்ளே அழைக்கும் குரல்தான் இன்னும் போதவில்லை.

நம் பங்குகளில் என்ன காண்கிறோம்? பதினெட்டு வயதுவரை சிறப்புப் பள்ளிக்குச் சென்ற மகன், அதன்பின் திண்ணையில் அமர்ந்திருக்கிறான். எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார் என்று தாய் ஆலயத்தில் அழுகிறார். திருவிழாவின்போது ஆலய முற்றத்தில் அவர்கள் செய்த மெழுகுவர்த்திகளை வாங்கி, நம் கடமை முடிந்தது என்று வீடு செல்கிறோம். மறைமாவட்டங்களுக்கு மருத்துவமனைகளும் பள்ளிகளும் விடுதிகளும் அச்சகங்களும் உள்ளன. அவற்றில் அலமாரி நிரப்பவும் தாள் அடுக்கவும் தோட்டம் பேணவும் ஆள் தேவைப்படாத நாள் உண்டா? அப்பணிகளுக்கு அவர்களை முறையான கூலியோடு, முறையான நியமனத்தோடு அழைத்தோமா? பள்ளிகளும் கடைசி ஆண்டுகளில் வகுப்பறைச் சுவரைத் தாண்டவேண்டும். பேருந்தில் ஏறி இறங்குவது, நேரத்துக்கு வருவது, கூலியை எண்ணி வாங்குவது, தவறு நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்பவை அந்தந்த இடத்திலேயே கற்கத்தக்கவை.

திராட்சைத் தோட்ட உவமையில் பதினோராம் மணி வேளையில் சந்தைவெளியில் நின்றவர்களை நினைத்துப் பார்ப்போம். நாளெல்லாம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று நிலக்கிழார் கேட்டார். தங்களை வேலைக்கு அழைப்பார் இல்லை என்றனர் அவர்கள். அவர் அவர்களுடைய திறமையைச் சோதிக்கவில்லை. இன்னும் ஆயத்தம் ஆகிவாருங்கள் என்று சொல்லவில்லை. தோட்டத்துக்கு அனுப்பினார், மாலையில் முழுக் கூலியும் கொடுத்தார். அந்த விடை இன்றும் நம் ஊர்த் திண்ணைகளிலிருந்து எழுந்துகொண்டுதான் இருக்கிறது. கேட்க வேண்டியவர்கள் தோட்டத்தின் பொறுப்பில் இருக்கும் நாமே.